ஸ்லீப்பர் கட்டைகளின் மேல் ஒரு காடு

இரண்டு ஆண்டுகளுக்கு முன், அக்டோபர் இரண்டாம் வாரத்தில், அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் உள்ள ஒயிட் மவுண்டன் தேசிய வனத்துக்குள் ஒரு சரளைச் சாலையில் வண்டியைத் திருப்பினேன். கான்காமேகஸ் நெடுஞ்சாலையில் அன்று இலைநிறம் பார்க்க வந்த கூட்டம் ஊர்ந்துகொண்டிருந்தது. லிங்கனிலிருந்து கான்வே வரை முப்பத்து நான்கரை மைல் நீளமுள்ள அந்தச் சாலையில் ஒரு பெட்ரோல் நிலையம்கூடக் கிடையாது. நடுவில் 2,855 அடி உயரத்தில் ஒரு கணவாயை ஏறி இறங்க வேண்டும். கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைக்கும் என்றுதான் சரளைச் சாலைக்குள் போனேன். இரண்டு மைல் தள்ளி ஒரு வளைவு. வளைவுக்கு அப்பால் காடு இல்லை.

பெரிய விளையாட்டு மைதானம் அளவுக்கு ஓர் இடம் அடியோடு வெட்டப்பட்டிருந்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாக நான்கைந்து மரங்களை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். ஓரத்தில் அடிமரங்கள் கிளை நீக்கி அடுக்கப்பட்டு, வெட்டுமுகத்தில் நீலச் சாயப் புள்ளிகளோடு கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஆள் யாரும் இல்லை. எங்கள் ஊர்ப் பக்கம் மலையில் மரம் வெட்டும் இடத்தைக் கூப்பு என்பார்கள். அந்தச் சொல்லை நான் முப்பது ஆண்டுகளாகப் பயன்படுத்தியதில்லை. அன்று அதுதான் முதலில் வாயில் வந்தது. இவ்வளவு தூரம் வந்து கூப்புக்குள் நிற்கிறோமே என்று வயிற்றில் ஏதோ புரண்டது. ஈரப் பட்டையின் வாசம் தூக்கலாக இருந்தது. அது நல்ல வாசமாக இருந்ததுதான் எனக்கு இன்னும் கோபத்தை மூட்டியது.

வீடு திரும்பியதும் ஒரு புகார்க் கடிதம் எழுதத் தொடங்கினேன். இது தேசிய வனம், இங்கே எப்படி மரம் வெட்டலாம் என்பதுதான் அதன் சாரம். தேசியப் பூங்கா வேறு, தேசிய வனம் வேறு என்பது எனக்குத் தெரியாத செய்தி அல்ல. பூங்காக்கள் உள்துறை அமைச்சகத்தின் கீழும், வனங்கள் வேளாண்துறையின் கீழும் வருகின்றன. வனத்தில் மரம், நீர், மேய்ச்சல், வனவிலங்கு, மனிதர்களின் பொழுதுபோக்கு எல்லாவற்றுக்கும் இடம் உண்டு என்று 1960ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ‘பல பயன்களின் நிலம்’ என்ற வாசகத்தை வனத்தின் நுழைவுப் பலகைகளில் பலமுறை படித்துக் கடந்திருக்கிறேன். படித்தது மண்டையில் இருந்தது. கோபம் அதைக் கேட்கவில்லை. கடிதத்தை அனுப்பவும் இல்லை, கிழிக்கவும் இல்லை. ஓராண்டு அது மேசை இழுப்பறையில் கிடந்தது.

அம்மாவின் நடை

அடுத்த செப்டம்பரில் அம்மா வந்திருந்தார். மலையைக் காட்ட வேண்டும். ஆனால் அறுபத்தெட்டு வயதில் ஒயிட் மலைகளின் பாதைகளில் ஏறச் சொல்ல முடியாது. இங்குள்ள பழைய பாதைகளைப் போட்டவர்கள் வளைத்து வளைத்து ஏற்றுவதில் நம்பிக்கையில்லாதவர்கள். கிரானைட் பாறைகள் மேல் நேராக உச்சிக்குக் கோடு கிழித்ததுபோல் இருக்கும். முழங்கால் உள்ளவர்கள் எல்லோரும் அதை நினைவில் வைத்திருப்பார்கள். அதனால் இருப்பதிலேயே மட்டமான பாதையைத் தேடி லிங்கன் வுட்ஸுக்குக் கூட்டிப் போனேன். வண்டி நிறுத்த ஐந்து டாலர் கட்டிவிட்டு, பெமிஜிவாசெட் ஆற்றின் கிழக்குக் கிளை மேல் தொங்கும் பாலத்தைக் கடந்தால் பாதை தொடங்கிவிடும். பாலம் லேசாக ஆடியது. அம்மா ஒரு கையால் கம்பியையும் மறு கையால் என் தோளையும் பிடித்துக்கொண்டார்.

அதன் பிறகு ஆறு வலப்பக்கம் கூடவே வருகிறது. அறை அளவு உருண்டைப் பாறைகளும், அவற்றுக்கிடையே கண்ணாடி போன்ற தண்ணீரும். பாதை அகலமாக, நேராக, ஏற்றமே தெரியாமல் போகிறது. இரு பக்கமும் மேப்பிள், பிர்ச், பீச் மரங்கள்; மேலே போகப் போக ஸ்புரூஸும் ஃபர்ரும் கலக்கின்றன. இப்படி ஒரு நடையைத்தான் அம்மாவுக்குக் கொடுக்க நினைத்தேன். அரை மைல் போவதற்குள் எனக்குக் கால் இடறத் தொடங்கியது. பாதையின் குறுக்கே, பாதி மண்ணுக்குள் புதைந்து, சம இடைவெளியில் கட்டைகள் கிடந்தன. ஒவ்வொன்றாக மிதித்தால் காலடி குறுகியது. இரண்டைத் தாண்டினால் எட்டாமல் போனது. நடை கெட்டு எரிச்சல் வந்தது.

திரும்பிப் பார்த்தால் அம்மா தடுமாறவே இல்லை. சின்னச் சின்ன அடியாக, கட்டைக்குக் கட்டை, ஒரே சீராக வந்துகொண்டிருந்தார். பாலத்தில் என் தோளைப் பிடித்தவர் இப்போது கைகளைப் பின்னால் கட்டியிருந்தார். அம்மாவின் அப்பா ரயில்வேயில் கேங்மேன். எட்டு வயதில் அவருக்குத் தூக்குச்சட்டியில் சோறு எடுத்துக்கொண்டு தண்டவாளத்தின் நடுவே இரண்டு மைல் நடந்த கதையை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அந்த நடையை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

“இது தண்டவாளம் கிடந்த இடம்” என்றார் அம்மா, என்னைத் தாண்டிப் போகும்போது.

“எப்படிச் சொல்கிறீர்கள்?”

“மலைக்குள் நடக்கிறதற்கு யாராவது இவ்வளவு மட்டமாக வெட்டுவார்களா? இன்ஜின் இழுக்க வேண்டும் என்றால்தான் இப்படி வெட்டுவார்கள். கட்டை வேறு கிடக்கிறதே.” கொஞ்சம் நின்று ஆற்றையும் மலையையும் பார்த்தார். “இங்கே ஊர் எதுவும் இல்லையே. எதை ஏற்றிக்கொண்டு போனார்கள்?”

“மரத்தை” என்றேன். மரம் இழுத்த ரயில் பாதை என்பதை எங்கோ படித்திருந்தேன். ‘சரித்திரம்’ என்ற பெட்டிக்குள் போட்டு மூடியிருந்தேன்.

“எந்த மரத்தை?”

பதில் சொல்வதற்காக நிமிர்ந்தேன். இரண்டு பக்கமும், ஆற்றுக்கு அக்கரையிலும், சரிவில் கண்ணுக்கு எட்டியவரை நின்ற மரங்களை ஒரு சுற்று பார்த்தேன். அத்தனையும் ஏறக்குறைய ஒரே பருமன். இந்தப் பாதையில் அதற்கு முன் நான்கு முறையாவது நடந்திருப்பேன். ‘ஆதிகாடு’ என்று என் பழைய பதிவு ஒன்றில் எழுதியும் இருக்கிறேன். அந்தச் சொல்லை இப்போது திரும்பப் பெறுகிறேன்.

“எல்லா மரத்தையும்” என்றேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் நடந்தார்.

பஞ்சாலைகள் கேட்ட தண்ணீர்

1867இல் நியூ ஹாம்ப்ஷயர் அரசு இந்த மலைகளில் தன் கையில் மிஞ்சியிருந்த நிலத்தைத் தனியாருக்கு விற்றுவிட்டது. விற்ற நிலம் மர நிறுவனங்களின் கைக்குப் போனது. ஜே. ஈ. ஹென்றி என்ற மர முதலாளி முதலில் சீலண்ட் பள்ளத்தாக்கை மொட்டையடித்தார். அது தீர்ந்ததும் 1892 வாக்கில் லிங்கனுக்கு வந்து, பெமிஜிவாசெட்டின் கிழக்குக் கிளையோரமாகத் தண்டவாளம் போடத் தொடங்கினார். ஒரு பள்ளத்தாக்கை வெட்டி முடித்ததும் தண்டவாளத்தைப் பெயர்த்து அடுத்ததில் போடுவார்கள். அந்த ரயில், கைமாறிய பிறகும், 1948 வரை ஓடியது. வெட்டியபின் விட்டுப்போன கிளையும் கொப்பும் மலைமேல் ஆளுயரத்துக்குக் காய்ந்து கிடக்கும். இன்ஜினிலிருந்து ஒரு பொறி போதும். மின்னல் விழுந்தாலும் போதும். சீலண்டில் 1886இலும் 1903இலும், ஆவுல்ஸ் ஹெட் மலையைச் சுற்றி 1907இலும் தீ. சில சரிவுகளில் மேல்மண்ணும் எரிந்து பாறை வெளியே வந்துவிட்டது. இன்றைக்கு சீலண்ட் பக்கம் வெள்ளை வெளேரென்று நின்று எல்லோரையும் படம் எடுக்கவைக்கும் காகிதப் பிர்ச் மரங்கள், தீப்பட்ட மண்ணில் முதலில் வந்து குடியேறுகிற இனம். அந்த அழகில் ஒரு பங்கு நெருப்பு போட்ட விதை என்பது தெரிந்த பிறகு என்னால் அவற்றைப் பழைய மாதிரி பார்க்க முடியவில்லை.

காட்டைக் காப்பாற்றிய சட்டத்தின் கதை எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது. அமெரிக்காவின் மேற்கில், அரசின் கையில் இருந்த நிலத்தை வனமாக ஒதுக்கினால் போதுமாக இருந்தது. கிழக்கில் நிலமெல்லாம் தனியாருடையது. காசு கொடுத்து வாங்க வேண்டும். மலை அழகாக இருக்கிறது என்பதற்காக ஒரு சென்ட்கூடத் தர முடியாது என்ற மனநிலைதான் அன்றைய நாடாளுமன்றத்தில் ஓங்கியிருந்தது. அவைத் தலைவர் ஜோசப் கேனன் அதன் முகம். கடைசியில் வழக்கை வென்று கொடுத்தது ஆறு. பெமிஜிவாசெட் தெற்கே இறங்கி மெரிமாக் ஆறாகிறது. மெரிமாக்கின் கரையில்தான் மான்செஸ்டர், லோவெல், லாரன்ஸ் நகரங்களின் பஞ்சாலைகள் இருந்தன. மலையில் மரம் போனதும் வசந்தத்தில் வெள்ளமும் கோடையில் வறட்சியும் ஆற்றில் வண்டலும் என்று ஆலைக்காரர்கள் முறையிட்டார்கள். படகு செல்லும் ஆறுகளின் நீர்ப்பிடிப்பைக் காப்பது மத்திய அரசின் அதிகாரத்துக்குள் வரும் என்ற வாதத்தின் மேல் வீக்ஸ் சட்டம் எழுதப்பட்டது. 1911 மார்ச் 1 அன்று அதிபர் டாஃப்ட் கையெழுத்திட்டார். சட்டத்துக்குப் பெயர் கொடுத்த ஜான் வீக்ஸ் மாசசூசெட்ஸ் உறுப்பினர், ஆனால் பிறந்தது இந்த மலைகளின் ஓரத்தில் இருக்கும் லங்காஸ்டரில். 1918இல் ஒயிட் மவுண்டன் தேசிய வனம் முறையாக அறிவிக்கப்பட்டது. இன்று மெய்ன் மாநிலத்துக்குள்ளும் கொஞ்சம் நீண்டு, எட்டு லட்சம் ஏக்கருக்கு நெருங்கி நிற்கிறது.

பஞ்சாலைக்குத் தண்ணீர் வேண்டும் என்ற கணக்கில் மலைகள் தப்பின. ‘வான்நின்று உலகம் வழங்கி வருதலால்’ என்று மழையைப் படித்து வளர்ந்தவனுக்கு இந்தக் கணக்கு அந்நியமாக இருக்கக் கூடாதுதான். ஆனாலும் கொஞ்ச நாள் அது என்னை உறுத்தியது. அழகுக்காகக் காப்பாற்றியிருந்தால் என் மனதுக்கு இதமாக இருந்திருக்கும். இப்போது யோசிக்கும்போது, அழகை நம்பியிருந்தால் எதுவும் மிஞ்சியிருக்காது என்றே தோன்றுகிறது.

சட்டம் எழுதிய வனாந்தரம்

லிங்கன் வுட்ஸ் பாதையில் மூன்று மைலுக்குச் சற்று முன்பே, ஃபிராங்கோனியா ஓடையைக் கடந்ததும், ஒரு பலகை வருகிறது. பெமிஜிவாசெட் வனாந்தரம் அங்கே தொடங்குகிறது: 45,000 ஏக்கர். அதற்குள் மோட்டார் கூடாது, சைக்கிளும் கூடாது. பாதையில் மரம் விழுந்தால்கூட இயந்திர ரம்பம் எடுக்காமல் இருவர் இழுக்கும் ரம்பத்தால்தான் அறுக்கிறார்கள். ஹென்றியின் ரயில் குறுக்கும் நெடுக்கும் ஓடிய அதே நிலம்தான் இது. 1964இல் வனாந்தரச் சட்டம் வந்தபோது, மனிதன் கைபட்ட நிலம் மறுபடி வனாந்தரம் ஆக முடியுமா என்பது பெரிய சச்சரவாக இருந்தது. ஒருமுறை வெட்டிய காடு அந்தப் பெயருக்குத் தகுதி இழந்துவிட்டது என்று வனத்துறைக்குள்ளேயே வலுவான கட்சி இருந்தது. அப்படிப் பார்த்தால் கிழக்கில் ஏறக்குறைய எதுவுமே தேறாது. 1975இல் கிழக்கு வனங்களுக்கென்று தனிச் சட்டம் வந்தது. பெமிஜிவாசெட் 1984இல் சேர்ந்தது.

அம்மாவோடு அந்தப் பலகை வரை போகவில்லை. இரண்டு மைலில் திரும்பிவிட்டோம். பிறகு தனியாகப் போய் அந்தப் பலகைக்கு முன் ஒரு பாறையில் வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். மனிதன் தொடாத காட்டை மட்டும்தான் காடு என்பேன் என்று அடம்பிடிக்கிற மனது என்னுடையது. கோயில்காடுகளை நினைத்து வளர்ந்த மனது அப்படித்தான் இருக்கும்: ஒரு சுள்ளியையும் எடுக்கக் கூடாது, எடுத்தால் சாமி கேட்கும். அந்தப் பக்தியை நான் விடமாட்டேன். ஆனால் அந்த ஒரே அளவுகோலோடு வந்தால் இந்த மலைகளில் பார்க்க ஒன்றும் இருக்காது. நான் இங்கே அனுபவிக்கிற அத்தனையிலும் யாரோ ஒருவருடைய வேலை இருக்கிறது. அம்மாவால் நடக்க முடிந்த ஒரே பாதை மரக் கொள்ளைக்காக வெட்டிய பாதை. கான்காமேகஸ் ஓரத்து பிளாக்பெர்ரி கிராஸிங் கூடார முகாம், 1930களின் பெருமந்தத்தில் வேலையற்ற இளைஞர்கள் தங்கிப் பாதை போட்ட இடம். நான் கொதித்துப் போய் நின்ற கூப்பில் மட்டும்தான் மனிதக் கை பட்டிருக்கிறது என்று எண்ணியிருந்தேன்.

பொழுதுபோக்க வருகிறவன் கை மென்மையானது என்பதும் என் எண்ணம். இதே மலைகளில் ஒன்றான மவுண்ட் மன்றோ அதையும் கலைத்தது. இந்த மலைகளில் மரவரம்பு, அதாவது அதற்கு மேல் மரம் வளராத உயரம், வெறும் நாலாயிரத்து ஐந்நூறு அடிக்குப் பக்கத்திலேயே வந்துவிடும். ராக்கி மலைகளில் பதினோராயிரம் அடியில் இருக்கிற குளிரும் காற்றும் இங்கே அதில் பாதிக்கும் குறைவான உயரத்தில் இறங்கியிருக்கின்றன. பக்கத்து மவுண்ட் வாஷிங்டன் உச்சியில் 1934 ஏப்ரல் 12 அன்று மணிக்கு 231 மைல் வேகக் காற்று அளக்கப்பட்டது. மரவரம்புக்கு மேலே போகும் பாதைகளில், மோசமான வானிலையில் பலர் இறந்திருக்கிறார்கள், இப்போதே திரும்புங்கள் என்று மஞ்சள் பலகை வைத்திருக்கிறார்கள். அந்த மேட்டில், கற்களுக்கு நடுவே, கட்டைவிரல் அளவு மஞ்சள் பூச்செடி ஒன்று இருக்கிறது: ராபின்ஸ் சிங்க்ஃபாயில். உலகத்தில் அது இயற்கையாக இருப்பதே ஏறக்குறைய முழுவதும் மன்றோவுக்கு அருகில் ஒரு சிறு தட்டுநிலத்தில். 1819இல் வெட்டத் தொடங்கிய, தொடர்ந்து பயன்பாட்டில் இருப்பவற்றில் நாட்டின் மிகப் பழைய மலைநடைப் பாதையான கிராஃபோர்ட் பாதை, அந்தத் தட்டுநிலத்தின் நடுவே போனது. செடியை அழிவின் விளிம்புக்குத் தள்ளியதில் பெரும் பங்கு கோடரிக்கு இல்லை. மலையை நேசித்து ஏறியவர்களின் காலணிகளுக்கும், உலர்த்தி ஒட்டிவைக்கப் பிடுங்கியவர்களுக்கும்தான். 1983இல் பாதையை விலக்கிப் போட்டார்கள், கல்வேலி கட்டினார்கள், நாற்று வளர்த்து நட்டார்கள். 2002இல் அழியும் இனங்களின் பட்டியலிலிருந்து அது மீண்டது. அந்த மேட்டில் நான் எத்தனை முறை பாதையை விட்டு விலகிப் படம் எடுத்திருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். என் காலணிக்கு எதிராக ஒரு புகார்க் கடிதமும் நான் எழுதியதில்லை.

வளையங்கள்

இதனால் கூப்பு எனக்குச் சம்மதமாகிவிட்டது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இதே வனத்துக்குள், ஹப்பர்ட் புரூக் ஆய்வுக்காட்டில், 1965-66 குளிர்காலத்தில் ஒரு முழு நீர்ப்பிடிப்பின் மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டு, மூன்று கோடைகளுக்கு எதுவும் முளைக்கவிடாமல் களைக்கொல்லி அடித்து, ஓடை நீரை அளந்தார்கள். மரம் பிடித்துவைத்திருந்த நைட்ரேட் வெள்ளமாக ஓடையில் இறங்கியது. மண் தன் சத்தைத் தானே வைத்துக்கொள்வதில்லை, வேர்தான் வைத்திருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சோதனையை நான் படித்ததில்லை. எனவே எங்கே வெட்டுகிறார்கள், எவ்வளவு, மறுபடி எப்போது என்று கேட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும். வெட்டுத் திட்டங்களின் வரைவுகள் பொதுமக்களின் கருத்துக்காக வெளியாகின்றன. இப்போது அவற்றைப் படிக்கிறேன். இரண்டுக்குக் கருத்தும் எழுதியிருக்கிறேன். இழுப்பறையில் கிடந்த கடிதத்தின் ஒரு வரிகூட அவற்றுக்குப் பயன்படவில்லை.

அம்மா ஊருக்குத் திரும்பிய மறு வாரம் அந்தச் சரளைச் சாலைக்கு மீண்டும் போனேன். அடுக்கிய மரங்கள் போய்விட்டிருந்தன. வெட்டிய இடம் முழுக்க ராஸ்பெர்ரி முள்ளும், முழங்கால் உயரத்தில் ‘பின் செர்ரி’ என்ற காட்டுச் செர்ரியின் கன்றுகளும். அந்தச் செர்ரியின் விதை நிழலுக்கடியில் பல பத்தாண்டுகள் உறங்கும், வெயில் பட்டால்தான் விழிக்கும். ஈரமண்ணில் மூஸ் கடமானின் பெரிய பிளவுபட்ட குளம்புத் தடம் ஒன்று இருந்தது. கன்றுகளின் நுனிகள் கடிபட்டிருந்தன.

ஒரு சிவப்பு ஓக்கின் அடிக்கட்டை முன் மண்டியிட்டேன். சிவப்பு ஓக்கில் வளையம் நன்றாகத் தெரியும். கைக்குட்டையால் புழுதியைத் துடைத்து, பத்து வளையத்துக்கு ஒரு பென்சில் கோடு என்று எண்ணினேன். முதல் முறை தொண்ணூற்றொன்று வந்தது. நம்பாமல் இன்னொரு பக்கத்திலிருந்து எண்ணினேன், எண்பத்தொன்பது. எப்படிக் கழித்துப் பார்த்தாலும் 1930க்குப் பக்கத்தில் வந்து நின்றது. அரசு வாங்கிய மொட்டை மலையில் முளைத்த மரம். நடுவில் இருந்த வளையங்கள் நகக்கண் அகலம் இருந்தன. சுற்றி நிழல் இல்லாத காலத்தில், வேகமாக வளர்ந்திருக்கிறது.

அன்று இரவு அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். அவர் மரத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அந்தக் கட்டைகளை எந்த மரத்தில் செய்திருப்பார்கள், இத்தனை நாள் மக்காமல் கிடக்கின்றனவே என்றுதான் கேட்டார்.